கமிஷன் சதவீதத்தைக் கடைசியில் படியுங்கள்

ஒரு நிறுவனத்தின் பொருளுக்கு லிங்க் கொடுத்து, அதன் வழியாக நடக்கும் விற்பனைக்குக் கமிஷன் பெறுவதுதான் அஃபிலியேட் திட்டம். அதில் சேர நினைப்பவர்கள் முதலில் தேடிப் போவது கமிஷன் அட்டவணையைத்தான். எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம், மாதம் இத்தனை பேர் வாங்கினால் எவ்வளவு வரும் என்று மனக்கணக்குப் போடுவார்கள். பிறகு விதிமுறைகளுக்கான கட்டத்தில் டிக் அடித்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அந்த அட்டவணை உண்மையில் கடைசியாகப் படிக்க வேண்டியது. எந்தத் தொகையின் மேல் சதவீதம் கணக்கிடப்படுகிறது, எந்த விற்பனை உங்கள் கணக்கில் சேரும், பணம் எப்போது வரும், என்ன காரணத்தால் வராமலே போகலாம் ஆகியவை வேறு பக்கங்களில் இருக்கின்றன. அவற்றைப் படிக்காதவரை 5% என்ற எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

இந்தக் கட்டுரையில் அமேசான் அசோசியேட்ஸ் திட்டத்தையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன். 1996இல் தொடங்கிய திட்டம் அது. தமிழில் சமையல், புத்தகம், கேட்ஜெட் பற்றி எழுதுகிற பலர் முதலில் சேர்வதும் அதில்தான். அதன் ஒப்பந்தத்தைப் படிக்கப் பழகிவிட்டால் மற்ற நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் எந்த இடத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும் என்பது தானாகப் பிடிபடும்.

முதலில் ஒரு விஷயம். 'ஒப்பந்தம்' என்பது ஒரே ஆவணம் இல்லை. ஆப்பரேட்டிங் அக்ரிமெண்ட் என்று முதன்மை ஒப்பந்தம் ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு வரியில் 'புரோகிராம் பாலிசிகளும் இந்த ஒப்பந்தத்தின் பகுதி' என்று இருக்கும். அந்தப் பாலிசிப் பக்கத்தைத் திறந்தால் பங்கேற்பு நிபந்தனைகள், படங்களையும் தரவுகளையும் பயன்படுத்தும் உரிமம், வணிகச் சின்ன விதிகள், கமிஷன் கணக்கீட்டு அறிக்கை என்று தனித்தனிப் பகுதிகள் வரும். பெரும்பாலோர் முதல் ஆவணத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கணக்கு மூடப்படுவதற்கான காரணங்களில் பெரும்பகுதி இரண்டாவது பக்கத்தில், பங்கேற்பு நிபந்தனைகளுக்குள் இருக்கிறது. நாட்டுக்கு நாடு இந்த ஆவணங்கள் வேறுபடும். அமேசான் இந்தியாவில் சேர்கிறவர் அமெரிக்கத் தளத்தின் விதிகளைப் படித்துவிட்டு வந்தால் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் புரிந்துகொள்வார். சேரப்போகும் நாட்டின் தளத்தில், பக்கத்தின் அடியில் இருக்கும் இணைப்பிலிருந்தே திறங்கள். திறந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் பிடிஎஃப் ஆக்கி, தேதியைக் கோப்புப் பெயரில் போட்டுச் சேமித்துவையுங்கள். பின்னால் விதி மாறும்போது எது மாறியது என்று ஒப்பிட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

இனி கமிஷன் கணக்கீட்டு அறிக்கை. அதில் 'குவாலிஃபையிங் பர்ச்சேஸ்' என்றொரு சொல் வரும். தகுதி பெறும் கொள்முதல். எல்லாக் கமிஷனும் இந்த ஒரு வரையறைக்குள் அடங்குகிறது. வாசகர் உங்கள் லிங்க்கைச் சொடுக்கியதும் ஒரு 'செஷன்' தொடங்குகிறது. 24 மணி நேரம் ஆனாலோ, அவர் ஆர்டர் போட்டுவிட்டாலோ, வேறொருவரின் அஃபிலியேட் லிங்க் வழியாக மறுபடி உள்ளே வந்தாலோ, எது முதலில் நடக்கிறதோ அதோடு செஷன் முடிகிறது. அந்த நேரத்துக்குள் பொருளைக் கார்ட்டில் போட்டிருந்தால், முதல் சொடுக்கிலிருந்து 89 நாட்களுக்குள் ஆர்டர் போட்டாலும் அது உங்கள் கணக்கில் வரும். கார்ட்டில் போடாமல் வெறுமனே பார்த்துவிட்டுப் போய் மூன்றாம் நாள் நேரடியாக வந்து வாங்கினால் வராது. பிறகு பொருள் அனுப்பப்பட வேண்டும், பணம் செலுத்தப்பட வேண்டும், திருப்பி அனுப்பப்படாமல் இருக்க வேண்டும்.

இதில் எழுதுகிறவருக்கு நேரடிப் பயன் ஒன்று உண்டு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றை யாரும் படித்த அன்றே வாங்குவதில்லை. வீட்டில் பேசி, கடையில் போய்ப் பார்த்து, இரண்டு வாரம் கழித்து வாங்குவார்கள். 24 மணி நேர செஷன் உள்ள திட்டத்தில் அப்படிப்பட்ட பொருளுக்கு நீண்ட ஒப்பீட்டுக் கட்டுரை எழுதினால் உழைப்பு ஒரு பக்கமும் கமிஷன் இன்னொரு பக்கமும் போகும். அதே கட்டுரைக்கு 30 நாள் குக்கீ (உங்கள் லிங்க்கைச் சொடுக்கியதை வாசகரின் பிரவுசரில் நினைவு வைத்திருக்கும் குறிப்பு) தரும் வேறு விற்பனையாளர் குறைந்த சதவீதம் கொடுத்தாலும் அதிகம் கிடைக்க வாய்ப்புண்டு. குக்கீ காலத்தையும் சதவீதத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். புத்தகம், மசாலா டப்பா, சார்ஜர் மாதிரி உடனே வாங்கும் பொருட்களுக்கு 24 மணி நேரம் போதும்.

அடுத்தது, சதவீதம் எதன்மேல் என்பது. வாசகர் கட்டிய தொகையின் மேல் இல்லை. டெலிவரிக் கட்டணம், பரிசுப்பொதி கட்டணம், வரி, சேவைக் கட்டணம், தள்ளுபடி எல்லாவற்றையும் கழித்த பிறகு நிற்கும் தொகையின் மேல்தான் கணக்கு. 18% ஜிஎஸ்டி உள்ள ஒரு மின்சாதனம் ரூ. 11,800 விலை என்று வைத்துக்கொள்வோம். வரியைக் கழித்தால் 10,000. கமிஷன் 5% என்றால் 500 ரூபாய், 590 இல்லை. வாங்குகிறவர் கூப்பனில் 1,180 ரூபாய் குறைத்துக்கொண்டால் அடிப்படைத் தொகை 9,000 ஆகிவிடும், கமிஷன் 450. பண்டிகைக் கால விற்பனையில் கூப்பன் அதிகம் ஓடும் என்பதால் அந்த மாதம் விற்பனை எண்ணிக்கை ஏறும் அளவுக்கு வருமானம் ஏறாது. சில திட்டங்களில் ஒரு பொருளுக்கு இவ்வளவுக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பும் இருக்கும். விலை உயர்ந்த பொருட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 'மேக்ஸிமம்', 'கேப்' என்ற சொற்களை அந்தப் பக்கத்தில் தேடிப் பார்த்துவிடுவது நல்லது. கிஃப்ட் கார்டு போன்றவை பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். அந்த விலக்குப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படியுங்கள், பத்து நிமிடம் ஆகாது.

கடைசிச் சொடுக்குக்கே கமிஷன் என்ற விதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாசகரை நீங்கள் படிக்கவைத்து, நம்பவைத்து, விற்பனைப் பக்கம் வரை கொண்டுபோகிறீர்கள். பணம் கட்டும் நேரத்தில் அவர் கூப்பன் தேடி வேறு தளத்துக்குப் போய் அங்கிருக்கும் லிங்க்கைச் சொடுக்கித் திரும்பி வந்தால் கமிஷன் அந்தத் தளத்துக்கு. 2024 டிசம்பரில் ஹனி என்ற பிரவுசர் நீட்சியைப் பற்றி (கூப்பன் தேடித் தர பிரவுசரோடு இணைத்துக்கொள்ளும் சிறு மென்பொருள் அது) எழுந்த புகார் இதைத்தான் பேசியது. பேபால் நிறுவனம் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கிய நீட்சி அது. பணம் கட்டும் கட்டத்தில் அது படைப்பாளிகளின் அஃபிலியேட் குக்கீயை மாற்றித் தன்னுடையதை வைக்கிறது என்று குற்றம்சாட்டி அமெரிக்காவில் வழக்குகள் போடப்பட்டன. குரோம் நீட்சிகளுக்கான விதிகளை கூகுள் 2025இல் இறுக்கியது. ஒரு திட்டத்தில் சேரும்முன் அதே நிறுவனம் கூப்பன் தளங்களையும் நீட்சிகளையும் அஃபிலியேட்டாக வைத்திருக்கிறதா, அவர்களுக்கும் கடைசிச் சொடுக்கில் முழுக் கமிஷன் போகிறதா என்று கேட்டுவிடுங்கள். விதிமுறையில் 'லாஸ்ட் கிளிக்' என்று மட்டும் இருந்து வேறு விளக்கம் இல்லையென்றால், போகிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. வாசகர் சொடுக்காமலே குக்கீயைத் திணிப்பது. கண்ணுக்குத் தெரியாத பட லிங்க், மறைவான ஐஃப்ரேம் (பக்கத்துக்குள் திறக்கும் இன்னொரு பக்கம்) ஆகியவற்றால் செய்வது. இதை வெறும் விதிமீறல் என்று எண்ண வேண்டாம். ஈபே நிறுவனத்தின் பெரிய அஃபிலியேட்டுகளாக இருந்த ஷான் ஹோகன், பிரையன் டன்னிங் இருவரும் இந்தக் காரியத்துக்காக அமெரிக்காவில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2014இல் சிறைத் தண்டனை பெற்றார்கள். யாராவது 'இந்த பிளகின் போட்டால் சொடுக்காமலே கமிஷன் வரும்' என்று விற்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

புதிதாகச் சேர்கிறவர்களின் கணக்கு மூடப்படுவதற்கு வழக்கமான காரணம் சொந்தக் கொள்முதல். தன் லிங்க்கில் தானே வாங்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். அதே வாக்கியத்தில் நண்பர்களும் உறவினர்களும் கூட்டாளிகளும் சேர்க்கப்பட்டிருப்பது தெரியாது. அண்ணி வாங்கினாலும், அலுவலக நண்பர் உங்களுக்காக வாங்கிக் கொடுத்தாலும் அது தகுதி பெறும் கொள்முதல் இல்லை. முகவரி, கார்டு, ஒரே வைஃபை என்று பொருத்திப் பார்க்க நிறுவனத்திடம் வழிகள் இருக்கின்றன. கணக்கு தொடங்கியதும் 'லிங்க் வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று வீட்டிலிருந்தே ஒரு ஆர்டர் போடுவது கிட்டத்தட்ட எல்லாரும் செய்வது. தேவையே இல்லை. லிங்க்கின் முகவரியில் 'டேக்' என்ற பகுதியில் உங்கள் டிராக்கிங் ஐடி (சொடுக்கு உங்கள் லிங்க்கிலிருந்து வந்தது என்று காட்டும் அடையாளக் குறி) இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். இந்தியக் கணக்கென்றால் அது -21 என்று முடியும், அமெரிக்கக் கணக்கென்றால் -20. ஒரு சொடுக்குச் சொடுக்கிவிட்டு மறுநாள் டேஷ்போர்டில் கிளிக் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிப் பார்த்துச் சோதிக்க வேண்டியதில்லை.

'லிங்க் மூலமா வாங்கி எனக்கு ஆதரவு கொடுங்க' என்று எழுதுவதும் சிக்கலே. வாங்குவதற்காகப் பரிசு, பணம், புள்ளி, நன்கொடை எதையும் தருவதாகச் சொல்லக் கூடாது என்பது பங்கேற்பு நிபந்தனைகளில் இருக்கிறது. 'நீங்கள் வாங்கினால் வரும் கமிஷனில் பாதி அனாதை இல்லத்துக்கு' என்று நல்ல எண்ணத்தில் எழுதுகிறவர்கள்கூட இந்த விதியில் மாட்டிக்கொள்கிறார்கள். எண்ணம் நல்லதா கெட்டதா என்று ஒப்பந்தம் பிரித்துப் பார்ப்பதில்லை.

லிங்க்கை எங்கே வைக்கலாம் என்பது தமிழில் எழுதுகிறவர்களை அதிகம் பாதிக்கும் பகுதி. நம் வாசகர்களில் பெரும்பங்கு வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் இருக்கிறார்கள். கணக்கு தொடங்கும்போது எந்தத் தளங்களில், எந்தச் சமூக ஊடகப் பக்கங்களில் லிங்க் போடுவீர்கள் என்று ஒரு பட்டியல் கேட்பார்கள். பதிவு செய்யாத இடத்திலிருந்து சொடுக்கு வந்தால் அது விதிமீறலாக எடுத்துக்கொள்ளப்படும். வலைப்பதிவை மட்டும் கொடுத்துவிட்டு யூடியூப் விளக்கப் பெட்டியிலும் இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராம் சேனலிலும் அதே லிங்க்கைப் போடுகிறவர்கள் ஏராளம். புதிய இடம் ஒன்றைத் தொடங்கும்போதெல்லாம் கணக்கின் அமைப்பில் போய் அதைச் சேர்த்துவிட வேண்டும். குறுஞ்செய்தி, அச்சிட்ட தாள், பிடிஎஃப், மின்னூல் ஆகியவை 'ஆஃப்லைன் விளம்பரம்' என்ற தலைப்பின் கீழ் தடை செய்யப்பட்டிருப்பது வழக்கம். சமையல் குறிப்புகளைத் தொகுத்து இலவச மின்னூலாகக் கொடுத்து, அதில் குக்கர் லிங்க் வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய வரி அது. லிங்க்கை மின்னூலில் வைக்காமல், மின்னூலிலிருந்து வலைப்பதிவுக்கு இணைப்புக் கொடுத்து அங்கே பொருளின் லிங்க்கை வைப்பதுதான் பாதுகாப்பான வழி. மின்னஞ்சல் மடலுக்கும் அதே வழியைப் பின்பற்றலாம். மூடிய வாட்ஸ்அப் குழுவில் என்ன போடப்படுகிறது என்று நிறுவனத்தால் பார்க்க முடியாது. அதனாலேயே அதை ஏற்கமாட்டார்கள். அதற்கும் வலைப்பதிவின் இணைப்பைப் பகிர்வதே சரி.

லிங்க்கைச் சுருக்குவதிலும் ஒரு வரம்பு உண்டு. சொடுக்கினால் அமேசானுக்குப் போகும் என்று வாசகருக்குத் தெரியாதபடி மறைக்கக் கூடாது. அமேசான் பக்கத்தின் மேலே அஃபிலியேட்டுகளுக்குத் தெரியும் சைட்ஸ்டிரைப் கருவி தரும் சுருக்க லிங்க் சரி. உங்கள் சொந்த டொமைன் பெயரில் 'கோ', 'டீல்' என்ற சொல்லோடு வரும் மறைமுக லிங்க்குகளை உருவாக்கும் பிளகின்களை வேறு திட்டங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விலை, படம், விமர்சனம் ஆகிய மூன்றும் உள்ளடக்க உரிமத்தின் கீழ் வரும். கட்டுரையில் 'இந்த மிக்ஸி ரூ. 3,499' என்று கையால் தட்டச்சு செய்வது தவறு, காரணம் எளிது. விலை ஒரு நாளில் பலமுறை மாறும். வாசகர் 3,499 என்று நம்பிப் போய் 4,199ஐப் பார்த்தால் குறை அமேசானின் மேல் விழும். அமேசானின் ஏபிஐ (தளத்தின் தரவை உங்கள் பக்கத்துக்கு நேரடியாக எடுத்துத் தரும் இணைப்பு) வழியாகத் தானாக மாறும் விலையை மட்டுமே காட்டலாம், அதிலும் எப்போது எடுக்கப்பட்டது என்ற நேரத்தைச் சேர்க்க வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. புதிய கணக்குகளுக்கு ஏபிஐ உடனே கிடைக்காது, சில விற்பனைகள் நடந்த பிறகே கிடைக்கும். அதுவரை 'நடுத்தர விலையில் கிடைப்பது', 'இந்த வரிசையில் விலை குறைந்தது' என்று எழுதி, 'இன்றைய விலையைப் பார்க்க' என்று லிங்க் கொடுத்துவிடலாம். பொருளின் படத்தை இறக்கிப் பதிவேற்றுவதும், நட்சத்திர மதிப்பீட்டையோ வாடிக்கையாளர் கருத்துகளையோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவதும் கூடாது. 2023 முடிவோடு சைட்ஸ்டிரைப்பில் பட லிங்க் உருவாக்கும் வசதியும் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே பொருளை நீங்களே படம் எடுப்பதுதான் வழி. வாசகருக்கும் அதில்தான் நம்பிக்கை வரும். சமையல் மேடையில் வைத்து எடுத்த குக்கரின் படம், வெள்ளைப் பின்னணியில் இருக்கும் நிறுவனப் படத்தைவிட அளவையும் தரத்தையும் நன்றாகக் காட்டும்.

பெயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டொமைனில், சேனல் பெயரில், பக்கத்தின் முகவரியில் 'அமேசான்' என்ற சொல்லோ அதன் எழுத்துப்பிழை வடிவமோ வரக் கூடாது. கூகுளில் அந்தப் பெயரை ஏலம் எடுத்து விளம்பரம் ஓட்டக் கூடாது. பெரும்பாலான ஹோஸ்டிங் (வலைத்தளத்துக்கு இடம் தரும் சேவை), மென்பொருள் திட்டங்களிலும் இதே தடை இருக்கிறது, அவர்கள் 'பிராண்ட் பிட்டிங்' என்று சொல்வார்கள்.

குழந்தைகளுக்காக எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதன்மையாகக் குழந்தைகளை நோக்கிய தளங்களை அமேசான் தகுதியற்றவை என்று வைத்திருக்கிறது. கதை, பாட்டு, வண்ணம் தீட்டும் தாள்கள் தரும் தமிழ்த் தளங்கள் பல இருக்கின்றன. பெற்றோருக்காக எழுதும் தளமும் குழந்தை நேரடியாகப் பார்க்கும் தளமும் வேறு வேறு. இரண்டும் ஒரே டொமைனில் கலந்திருந்தால் பெற்றோருக்கானதைத் தனித் தளமாகப் பிரித்து அதை மட்டும் பதிவு செய்யுங்கள்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். பணத்தை நிறுத்திவைக்கும் உரிமை. அமேசான் ஒப்பந்தத்தில் அந்த வாக்கியத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். விதி மீறப்பட்டால், உங்களுக்குத் தர வேண்டிய எந்தக் கமிஷனையும், அது அந்த விதிமீறலோடு நேரடித் தொடர்புடையதோ இல்லையோ, அறிவிப்பு இல்லாமல், நிரந்தரமாக நிறுத்திவைக்கலாம் என்பது அதன் சாரம். 'நேரடித் தொடர்புடையதோ இல்லையோ' என்ற பகுதியில்தான் முழு எடையும் இருக்கிறது. மின்னூலில் வைத்த ஒரு லிங்க்கில் இருபது ரூபாய் வந்திருக்கலாம். அதற்காக வலைப்பதிவில் நேர்மையாகச் சம்பாதித்த இரண்டு மாதத் தொகையும் போகும். மேலே சொன்ன சின்னச் சின்ன விதிகளை அவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் இந்த வாக்கியம். சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு என்ற ஒரு தடுப்பு இருந்தாலும், சில ஆயிரம் ரூபாய்க்காக யாரும் வழக்காடப் போவதில்லை. எந்த அஃபிலியேட் ஒப்பந்தத்திலும் 'வித்ஹோல்டு' (நிறுத்திவைத்தல்), 'ஃபோர்ஃபிட்' (இழந்துவிடுதல்), 'சோல் டிஸ்கிரீஷன்' (நிறுவனத்தின் சொந்த முடிவு) என்ற மூன்று சொற்களையும் தேடி, அவை வரும் வாக்கியங்களை முழுதாகப் படித்துவிட்டுத்தான் சேர வேண்டும். அவை ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். மீறிய விற்பனைக்கு மட்டும் நிறுத்துகிறார்களா, எல்லாவற்றுக்குமா, பதில் சொல்ல அவகாசம் உண்டா, மேல்முறையீட்டுக்கு வழி உண்டா என்பதில்தான் வித்தியாசம்.

ஒப்பந்தத்தை மாற்றும் உரிமையும் ஒரு பக்கத்திடம் மட்டுமே இருக்கிறது. அறிவிப்பு வெளியிட்ட பிறகு நீங்கள் திட்டத்தில் தொடர்ந்தால் சம்மதித்ததாக அர்த்தம். இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு 2020 ஏப்ரலைப் பாருங்கள். கொரோனா ஊரடங்கின் நடுவில், ஏப்ரல் 14 அன்று அமேசான் அமெரிக்க அசோசியேட்டுகளுக்குத் தெரிவித்து 21ஆம் தேதி முதல் புதிய விகிதங்களைக் கொண்டுவந்தது. அறைக்கலன், வீட்டுப் பராமரிப்பு, தோட்டம், செல்லப்பிராணிப் பொருட்களுக்கு 8% இருந்தது 3% ஆனது. மளிகை 5%லிருந்து 1% ஆனது. அழகுப் பொருட்கள், ஹெட்போன், இசைக்கருவிகள் 6%லிருந்து 3%. தோட்டக்கலையை மட்டுமே நம்பி ஆள் வைத்து நடத்திய தளங்களுக்கு ஒரே வாரத்தில் வருமானம் பாதிக்கும் கீழே போனது. ஒப்பந்தத்தை யாரும் மீறவில்லை, இரு பக்கமும். அப்படி மாற்றலாம் என்று அதில் முதலிலிருந்தே எழுதியிருந்தது.

அதற்கும் முன்னால் விகிதத்தைத் தொடாமல் கணக்கையே மூடிய காலமும் உண்டு. அமெரிக்க மாநிலங்கள், தங்கள் எல்லைக்குள் அஃபிலியேட் இருந்தால் அமேசான் அங்கே விற்பனை வரி வசூலிக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தன. அமேசான் 2009இல் வட கரோலினா, ரோட் ஐலண்ட், 2011இல் இல்லினாய், கலிஃபோர்னியா என்று அந்தந்த மாநிலத்து அஃபிலியேட்டுகள் அனைவரையும் நீக்கியது. கலிஃபோர்னியாவில் ஜூன் கடைசியில் நீக்கி, மாநிலத்தோடு உடன்பாடு வந்த பிறகு அதே ஆண்டில் திரும்பச் சேர்த்தது. நீக்கப்பட்டவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. காரணம் எதுவும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம் என்ற பிரிவு ஒன்று இருந்தால் போதும். ஆகவே வருமானத்தில் ஒரே திட்டத்தின் பங்கு மிகப் பெரிதாக வளர்ந்தால், அதே பொருட்களுக்கு இரண்டாவது திட்டத்தில் சேர்ந்து லிங்க்குகளை எளிதாக மாற்றும்படி ஒரே இடத்தில் வைத்துப் பராமரிக்கத் தொடங்குங்கள்.

சேரும் நேரத்தையும் விதி தீர்மானிக்கிறது. அமேசானில் சேர்ந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் மூன்று தகுதி பெறும் விற்பனை நடக்காவிட்டால் கணக்கு மூடப்படும். மூன்று நடந்த பிறகே தளத்தை முழுமையாகப் பரிசீலிக்கிறார்கள். 'சும்மா சேர்ந்து வைப்போம்' என்று தளம் தொடங்கிய அன்றே சேர்கிறவர்களுக்கு அந்த ஆறு மாதமும் வாசகர் வருவதற்கு முன்பே கழிந்துவிடும். குறைந்தது பத்துப் பதிவுகள் பொதுவெளியில் இருந்து, தேடுபொறியிலிருந்து ஆள் வரத் தொடங்கிய பிறகு சேர்ந்தால் போதும். மூடப்பட்டால் மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் பழைய லிங்க்குகளை எல்லாம் புதிய டிராக்கிங் ஐடிக்கு மாற்ற வேண்டிவரும்.

பணம் கைக்கு வரும் கணக்கு இப்படி: ஒரு மாதத்தின் கமிஷன் அந்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து அனுப்பப்படும். தீபாவளிக்காக அக்டோபரில் வந்த வருமானம் டிசம்பர் கடைசியில் கிடைக்கும். இந்த இடைவெளி, பொருளைத் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்காக. குறைந்தபட்சத் தொகை எட்டாவிட்டால் அடுத்த மாதத்துக்கு நகரும். அமெரிக்கக் கணக்கில் வங்கிக்கு நேரடியாக என்றால் 10 டாலர், காசோலை என்றால் 100 டாலர். பெறும் வழியைச் சேரும் முன்பே பார்த்துவிட வேண்டும். இலங்கையில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். பேபாலில் மட்டுமே பணம் தரும் திட்டங்கள் இன்னும் இருக்கின்றன, இலங்கைக் கணக்குகளில் பேபால் வழியாகப் பணம் பெறும் வசதி நீண்ட காலமாக இல்லாமல் இருந்திருக்கிறது. பேயோனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவையோ நேரடி வங்கிப் பரிமாற்றமோ இருக்கிறதா என்று பார்த்த பிறகே நேரம் செலவிடுங்கள்.

வாசகர்கள் சென்னையிலும் டொராண்டோவிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் பரவியிருப்பது தமிழ் எழுத்துக்கு உள்ள தனிப்பட்ட நிலை. இந்திய டேக் வைத்த லிங்க் அமேசான் கனடாவில் எதையும் சம்பாதிக்காது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கணக்கு, தனி ஒப்பந்தம், தனி 180 நாள். வாசகர் எங்கிருந்து வருகிறார்கள் என்று புள்ளிவிவரத்தைப் பார்த்து, அதிகம் வரும் இரண்டு நாடுகளில் மட்டும் சேர்வது போதும்.

வரி. இந்தியாவில் கமிஷனுக்கு டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வரி) பிடிப்பார்கள். 2024 அக்டோபர் 1 முதல் அந்த விகிதம் 5%லிருந்து 2% ஆகக் குறைந்தது. பான் எண் கொடுக்காவிட்டால் 20%. பிடித்தது வருமான வரித் துறையில் உங்கள் பெயரில் உள்ள வரிக்கணக்கு அறிக்கையில் தெரியும், கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். அமெரிக்கத் திட்டங்களில் சேரும்போது டபிள்யூ-8பென் படிவம் கேட்பார்கள். வரி விஷயத்தில் நீங்கள் அமெரிக்கர் இல்லை, வெளிநாட்டவர் என்பதற்கான உறுதிமொழி அது. அதை நிரப்பாமல் விட்டால் பணம் நின்றுபோகும்.

லிங்க்கில் கமிஷன் வருகிறது என்று வாசகருக்குச் சொல்வது ஒப்பந்தத்தின்படியும் கட்டாயம், சட்டத்தின்படியும் கட்டாயம். அமேசான் ஒரு ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்து, அதையோ அதற்கு நிகரானதையோ தளத்தில் போடச் சொல்கிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பரிந்துரைப்பவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள பொருளாதாரத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு. ஆங்கில வாக்கியத்தைப் பக்கத்தின் அடியில் ஒளித்துவைத்தால் தமிழ் மட்டும் படிக்கும் வாசகருக்கு எதுவும் தெரியாது. முதல் லிங்க்குக்கு மேலே, 'இந்தப் பதிவில் உள்ள லிங்க் வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும், உங்களுக்கு விலை மாறாது' என்று நேராக எழுதுங்கள்.

ஹோஸ்டிங், மென்பொருள், ஆன்லைன் கோர்ஸ் போன்ற திட்டங்களில் வேறு சில இடங்கள் கூர்ந்து பார்க்க வேண்டியவை. 'ஒரு விற்பனைக்கு 100 டாலர்' என்பதன் பக்கத்தில் 'புதிய வாடிக்கையாளர்' என்ற சொல் இருக்கும். முன்பு எப்போதோ கணக்கு வைத்திருந்தவர் கணக்கில் வரமாட்டார். லாக்கிங் காலம் (கமிஷன் உறுதியாகும் வரை காத்திருக்கும் காலம்) 45, 60, 90 நாள் என்று இருக்கும். அதற்குள் வாடிக்கையாளர் விலகினால் கமிஷன் ரத்து. சில ஒப்பந்தங்களில் கொடுத்த பணத்தையே பின்னால் கழித்துக்கொள்ளும் பிரிவும் உண்டு, அதற்குக் கால வரம்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மாதாமாதம் தொடரும் கமிஷன் என்றால், நீங்கள் விலகினாலோ விலக்கப்பட்டாலோ பழைய வாடிக்கையாளர்களுக்கான தொகை தொடருமா என்பதை எழுத்தில் தேடுங்கள். பெரும்பாலும் தொடராது. பல நிறுவனங்களின் திட்டங்களை ஒரே இடத்தில் நடத்தும் சிஜே, அவின், இம்பாக்ட் போன்ற நெட்வொர்க் வழியாகச் சேர்ந்தால் ஒப்பந்தம் இரண்டு: நெட்வொர்க்கோடு ஒன்று, விற்பனை நிறுவனத்தோடு ஒன்று. நெட்வொர்க்கின் விதியில் செயல்படாத கணக்குக்கு மாதக் கட்டணம் பிடிக்கும் பிரிவு இருக்கலாம், விற்பனை நிறுவனம் நெட்வொர்க்குக்குப் பணம் கட்டாவிட்டால் உங்களுக்கும் தரப்படாது என்ற பிரிவு பெரும்பாலும் இருக்கும்.

படித்தும் தெளியாதவை மிஞ்சும். சிறிய, நடுத்தரத் திட்டங்களில் அஃபிலியேட் மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினால் பதில் வரும். கேள்விகளைச் சின்னதாகக் கேளுங்கள்: டெலிகிராம் சேனலில் லிங்க் போடலாமா? கூப்பன் தளத்தோடு மோதினால் கமிஷன் யாருக்கு? கணக்கை மூடினால் நிலுவைத் தொகை என்ன ஆகும்? என் நாட்டு வங்கிக்கு எந்த வழியில் அனுப்புவீர்கள்? ஒரு வாரம் வரை பதில் வராத திட்டத்தில், பணம் நின்றுபோன நாளிலும் பதில் வராது என்று எடுத்துக்கொள்ளலாம். வருகிற பதிலைத் தேதியோடு, முன்பு சேமித்த பிடிஎஃப்கள் இருக்கும் அதே ஃபோல்டரில் வைத்துவிட்டு, அதன் பிறகு கமிஷன் அட்டவணையைத் திறங்கள்.